காடு திருத்தி ஊரை முதலில் உருவாக்கிய குடும்பத்தின் வேரைத் தேட

கொங்கு நாட்டில் முன்னோர் வழியைத் தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பத்திரத்துக்குப் போகிறார்கள். முதலில் குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். ஆந்தை, காடை, கண்ணன் எனக் கூட்டம் (ஒரே குலவழி) எதுவானாலும், அதற்கென்று ஒரு காணி ஊராவது, அதாவது முன்னோர் முதலில் திருத்திக் குடியேறிய பூர்வீக ஊராவது, இருக்கும். இன்று எந்த ஊரில் குடியிருந்தாலும் பங்காளிகள் அந்தக் கோயிலில்தான் கூடுவார்கள். கோயிலுக்கு வரி கட்டும் தலைக்கட்டு (குடும்பம்) பட்டியலைக் கேட்டு வாங்கினால், பிரிந்துபோன கிளைகள் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும்.

பிறகு பத்திரங்கள். இங்கேதான் நான் ஏமாந்தேன். பழைய ஓலையிலும் பத்திரத்திலும் சில நேரம் ‘விரோதி வருடம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்பி வருவதால் அது 1889 ஆகவும் இருக்கலாம், 1949 ஆகவும் இருக்கலாம். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம் வேறு! இரண்டு முத்துசாமிகளை ஒருவராக்கி, ஒரு தலைமுறையையே விழுங்கிவிட்டேன். பெயரோடு தகப்பன் பெயரையும் தோட்டத்துப் பெயரையும் சேர்த்துக் குறித்திருந்தால் தப்பியிருக்கலாம்.

ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் 2009இல்தான் தனி மாவட்டமானது. பழைய ஆவணத்தில் மாவட்டப் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.

கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிடாதீர்கள். எந்தப் பங்காளி எங்கே போனார் என்பது அத்தைமார்களுக்குத்தான் தெரியும்.