ஆண்டுக் கட்டணம் கட்டுமுன் ஜிம்மில் பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு ஜிம்மில், மொத்தமாகக் கட்டினால் மூன்று மாதக் கட்டணம் மிச்சம் என்ற பேச்சை நம்பி, 12,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன். இரண்டாம் மாதத்திலேயே மூன்று டிரெட்மில்களில் இரண்டு நின்றுபோயின. சித்திரை வெயிலில் ஏசி ஓடவில்லை. பயிற்சியாளர் விலகிய பிறகு அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. எனக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சேருமுன், நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் நேரத்திலேயே ஜிம்மைப் போய்ப் பாருங்கள். முற்பகல் 11 மணிக்கு விசாலமாகத் தெரியும் கூடம், மாலை 7 மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் காத்திருக்கும் இடமாக இருக்கலாம். ஒவ்வொரு டிரெட்மில்லையும் ஓடவிட்டு, அவசர நிறுத்தச் சாவியை இழுத்தால் உடனே நிற்கிறதா என்று சோதியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது கேபிள் மெஷின். அதன் இரும்புக் கம்பிவடத்தின் மேலுறை, கப்பியைச் சுற்றி வளையும் இடத்திலும் கொக்கியில் சேரும் முனையிலும்தான் முதலில் வெடிக்கும். உள்ளிருக்கும் இழைகள் பிரிந்து வெளியே தெரிந்தால், எடை ஏற்றி இழுக்கும்போது வடம் அறுந்து முகத்திலோ தோளிலோ அடிக்கக்கூடும் என்பதால், அந்த மெஷினைத் தொடவே வேண்டாம். கழிவறையையும் குடிநீரையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தொகை, தேதி, காலஅளவு மூன்றும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், சேவைக் குறைபாட்டுக்கு நிவாரணம் கேட்கும் உங்கள் உரிமை அதனால் பறிபோவதில்லை.

குறை கண்டால் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நான்கு மாதம் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் ஆள் வருவார்" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. பழுதான கருவியைத் தேதி தெரியும்படி படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிறகு 15 நாள் கெடு வைத்து உரிமையாளருக்கு அஞ்சலில் கடிதம் எழுதுங்கள். என் கடிதம் போன பிறகே அறுந்த கேபிள் மாற்றப்பட்டது.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அடுத்த படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஜிம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய முடியும். ரசீது, படங்கள், கடித நகல், அஞ்சல் ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி மனுவுடன் இணைத்துவிடுங்கள்.