கப்பல் பயணம்: கடற்கரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

"தம்பி, கப்பல் நம் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தானே இலங்கைக்குப் போகும்? நேரத்தைச் சொன்னால் பாலத்தில் நின்று கையசைப்பேன்" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். அவருடைய மகனும் மருமகளும் சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறப்போகிறார்கள். நான் பாம்பனை அடுத்த மண்டபம் என்ற ஊரில் பிறந்தவன். எட்டு ஆண்டுகள் அத்தகைய கப்பல்களில் கேபின்களைச் சுத்தம் செய்யும் பணியாளனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். அதனால் இந்தத் தெருவில் கப்பல் டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

பாம்பன் பக்கம் அந்தக் கப்பல் வராது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி 17 மீட்டர் மேலே எழும்பும். மீன்பிடிப் படகுகளும் சிறிய கப்பல்களும் அதன் அடியில் போகும். பத்துத் தளங்களுக்கு மேல் உள்ள கப்பலுக்கு அந்த உயரமும் போதாது, அடியில் இருக்கும் தண்ணீரும் போதாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சேதுத் திட்டுகளில் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான். சென்னையிலிருந்து கொழும்புக்கோ கொச்சிக்கோ போகும் பெரிய கப்பல்கள் இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு போவது அதனால்தான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பலும் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்றுதான் துறைமுகங்களைத் தொட்டது. அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நம் ஊர்க்காரர்களிடம் நான் பார்க்கும் தவறுகளுக்கு வேர் பெரும்பாலும் இதுவே: கடல் பழகியதால் கப்பலும் பழகியதுதான் என்று நினைத்துவிடுகிறோம். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள், பெண்கடலான பாக் விரிகுடா எப்போது அடங்கும், ஆண்கடலான மன்னார் வளைகுடா எப்போது சீறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள், கப்பலில் கொடுக்கும் ஒரு தாளைப் படிக்காமல் கோட்டை விடுகிறார்கள்.

காலையில் ரயில், மதியம் கப்பல்

முதல் தவறு ராமநாதபுரம் ரயில் நிலையத்திலேயே நடந்துவிடுகிறது. இரவு ரயிலைப் பிடித்தால் விடியற்காலை எழும்பூர், அங்கே ஒரு காபி, மதியம் கப்பல் என்று கணக்குப் போடுகிறார்கள். 1914 முதல் ஓடிய போட் மெயிலில் நம் தாத்தாக்கள் அப்படித்தான் போனார்கள். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் ஸ்டீமருக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு. எல்லாம் ஒரே டிக்கெட். ரயிலும் ஸ்டீமரும் ஒன்றையொன்று நம்பி ஓடின. இன்றைய கப்பலுக்கும் சேது எக்ஸ்பிரஸுக்கும் அப்படி ஓர் உறவும் கிடையாது. பாம்பனில் காற்று பலமாக வீசினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்பது நமக்குத்தான் நன்றாகத் தெரியும். கப்பலில் ஏறும் வாசலைப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், பயணிகள் பட்டியலைக் குடியுரிமை அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்பதால். முதல் நாளே சென்னைக்குப் போய்த் தங்கிவிடுங்கள். ஓர் இரவு அறை வாடகை, தவறவிட்ட கப்பலை விட மலிவு.

இன்னொன்று பெயர். நம் பக்கம் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். முகவர் தன் இஷ்டத்துக்கு அப்பா பெயரை அங்கே நிரப்பி டிக்கெட் போட்டுவிடுவார். வாசலில் நிற்கும்போது பாஸ்போர்ட் ஒன்று சொல்லும், டிக்கெட் வேறொன்று சொல்லும். காசு கட்டிய அன்றே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் முடிய ஆறு மாதமாவது இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து சுற்றி மறுபடி சிங்கப்பூரில் இறங்குபவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா தேவை, ஏனென்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை வருகிறீர்கள். "கப்பலைவிட்டு இறங்கவே மாட்டேன், எனக்கு எதற்கு விசா" என்று வாதிடுவதும் உதவாது. வழியிலுள்ள எல்லா நாடுகளின் விசாவும் கையில் இல்லாதவரைப் பல கப்பல்களில் ஏற்றவே மாட்டார்கள்.

கருவாடு வந்த கேபின்

ஒரு நாள் காலை ஏழாம் தளத்தில் ஒரு கேபின் கதவைத் திறந்தேன். எனக்கு ஊர் வந்துவிட்டது போல் இருந்தது. நெத்திலிக் கருவாடு. மூன்று நெகிழிப் பைகளுக்குள் வைத்து, அதற்கு மேல் துண்டு சுற்றி, அதற்கும் மேல் பட்டுப்புடவை. கீழக்கரையிலிருந்து வந்த பெரியம்மா. "கப்பல் சாப்பாடு உப்பே இல்லாமல் இருக்கும் என்றார்களே, தம்பி" என்றார். வாசனை தாழ்வாரத்தில் பத்துக் கதவு தாண்டிப் போயிருந்தது. எனக்கு எச்சில் ஊறியது, மேற்பார்வையாளருக்கோ முகம் கோணியது. கடைசியில் அது குப்பைக்குப் போனது. என் பணிக்காலத்தில் நான் மனம் வருந்திச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

கப்பலுக்குள் சமைத்த உணவு, கருவாடு, கெட்டில், இஸ்திரிப்பெட்டி, சிறிய குக்கர் எதுவும் வேண்டாம். கடலில் தீ விபத்தை விடப் பெரிய பயம் மாலுமிகளுக்கு இல்லை. சூடாகும் பொருள்களை எக்ஸ்ரேயில் பார்த்ததும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அடைத்த ஊறுகாய்ப் பாட்டிலுக்குச் சில கப்பல்களில் தடை இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அதே போல, காலை உணவு மேசையில் எடுத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அந்த ஒரு பழத்துக்கு அபராதம் தீட்டிவிடுவார்கள்.

பெரிய பெட்டியைத் துறைமுகக் கட்டடத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் கேபினுக்கு வர மாலை ஆகலாம், இரவும் ஆகலாம். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும்.

பயிற்சியைத் தட்டிக்கழிப்பது

ஏறிய முதல் நாள் ஆபத்தில் தப்பிப்பதற்கான பயிற்சி நடக்கும். ஏழு முறை சுருக்கமாக, எட்டாவது முறை நீளமாகச் சங்கு ஊதும். எல்லாரும் தங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். நம் ஆட்கள் அந்த நேரத்தில்தான் குளித்துக்கொண்டிருப்பார்கள். "நீச்சல் தெரிந்த எனக்குப் பயிற்சி எதற்கு, தம்பி? பாம்பன் கால்வாயிலேயே நீந்தியவன்" என்று ஒருவர் கேட்டார். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த சுமார் 700 பயணிகளுக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதன் பிறகு சர்வதேச விதியையே மாற்றி, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்றார்கள். இருட்டில், சாய்ந்த தளத்தில் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நீச்சல் உதவாது.

கைபேசி

தனுஷ்கோடியின் கடைசியில், அரிச்சல்முனையில் நின்றால் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், நமக்கு இது பழகிய வேடிக்கை. நடுக்கடலில் வேடிக்கை இல்லை. கரை மறைந்ததும் கப்பலின் சொந்த செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் கைபேசி தானாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் வெளிநாட்டு ரோமிங் திட்டத்தில் பெரும்பாலும் அது அடங்காது. உறங்கும்போது வாட்ஸ்அப் படங்கள் இறங்கியதற்கே ஆயிரக்கணக்கில் கட்டணம் வந்த குடும்பங்கள் உண்டு. சங்கு ஊதியதும் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். வைஃபை வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள்.

காசு என்றதும் இன்னொன்று. டிக்கெட்டில் அறை, பொது உணவகம், கலை நிகழ்ச்சிகள் அடங்கும். குளிர்பானம், மசாஜ், தனி உணவகம், ஆளுக்கு நாளொன்றுக்கு என்று சேரும் பணியாளர் அன்பளிப்பு, எல்லாம் கப்பலில் உங்களுக்குத் தரும் அட்டையின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசி நாள் சண்டைதான். அந்த வரிசையில் நின்று கத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு மீன் ஏலக்கூடம் நினைவுக்கு வரும்.

துறைமுகம் வேறு, ஊர் வேறு

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். மற்ற தவறுகளில் காசு போகும். இதில் கப்பலே போய்விடும்.

விளம்பரத்தில் "பாங்காக்" என்று எழுதியிருப்பார்கள். கப்பல் நிற்பது லாம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் 100 கிலோமீட்டருக்கு மேல், நெரிசலில் இரண்டு மணி நேரம். "கோலாலம்பூர்" என்றால் கிளாங் துறைமுகம், ஒரு மணி நேரப் பயணம். "ரோம்" என்றால் சிவிடவெக்கியா, 70 கிலோமீட்டர். போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால், எட்டு மணி நேர நிறுத்தத்தில் ஊருக்கு எஞ்சுவது மூன்று மணி நேரமாகக்கூட இருக்கலாம். திருகோணமலை அதற்கு மாறானது: கோணேசுவரம் கோயில் ஊருக்குள்ளேயே, பாறை மேல். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலைக் கேணி பக்கத்தில். அத்தையின் மகன் அந்த ஒரே நாளில் நல்லூர், யாழ் நூலகம், கீரிமலை, நயினாதீவு என்று நான்கு இடங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தார். நயினாதீவுக்குப் படகு ஏற வேண்டும், அந்தப் படகு உங்கள் கப்பலைக் கேட்டு ஓடாது. நான் பேனாவை வாங்கி நயினாதீவை அடித்தேன்.

சில துறைமுகங்களில் கப்பல் துறைமுக மேடையில் கட்டாமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நிற்கும்போது போக ஒரு மணி, வர ஒரு மணி என்று கழியும். இதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே கடிகாரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் அங்கே தொல்லை இல்லை. சிங்கப்பூரும் புக்கெட்டும் ஒரு மணி நேரம் மாறுபடும். கரையில் கால் வைத்ததும் கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். கப்பல் தன் நேரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். "கப்பல் நேரம்" என்னவென்று இறங்கும் வாசலில் கேட்டு, ஒரு பழைய கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் ஏற வேண்டிய நேரம்" என்று அச்சிட்டிருப்பது புறப்படும் நேரம் அல்ல. அரை மணி, ஒரு மணி முன்பு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே நீங்கள் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

வராதவர்களை என்ன செய்வார்கள்? நானே செய்திருக்கிறேன். நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் பெயரை அழைப்பார்கள். பிறகு பாதுகாப்பு அதிகாரியும் நானும் அந்தக் கேபினுக்குப் போவோம். அவர் பெட்டகத்தைத் திறப்பார், பாஸ்போர்ட்டை எடுத்து உறையில் போடுவார், நான் படுக்கை மேல் கிடக்கும் மாத்திரைகளையும் எடுத்துக் கொடுப்பேன். அந்த உறை கரையிலுள்ள துறைமுக முகவரிடம் போகும். கயிறு அவிழும். அடுத்த துறைமுகம் வரைக்கும் விமானமோ பஸ்ஸோ உங்கள் செலவு. ஒருமுறை உறையை ஒப்படைத்த ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பேர் கையில் பைகளோடு துறைமுக மேடையில் ஓடி வந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படகின் அகலத்துக்கு விரிந்திருந்தது. தளத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கப்பலே நடத்தும் கரைச் சுற்றுலா விலை அதிகம்தான். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தூரத்து ஊர் என்றால் அதில் போங்கள். பக்கத்து ஊர் என்றால் வாசலில் மொய்க்கும் வண்டிகளைத் தாண்டி நூறு அடி நடந்து, கூலியைப் பேசி முடித்து, திரும்பி வந்த பிறகே பணம் தாருங்கள். இலங்கையில் போயா நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பௌர்ணமி விடுமுறையில் கடைகள் பல மூடியிருக்கும்.

காற்று அனுமதிக்காவிட்டால் கேப்டன் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போவார். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவருக்கு உண்டு. பெரும்பாலும் துறைமுகக் கட்டணம்தான் திரும்பக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் பயணம் வைத்துவிட்டு, திரும்பப் பெற முடியாத வண்டியையும் முன்கூட்டியே பிடித்துவைப்பது நம் ஊர்க்காரருக்கு அழகல்ல. அந்த மாதங்களில் போனால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. வல்லம் என்ற நாட்டுப்படகில் வாந்தி எடுக்காதவர்களும் கப்பலில் எடுப்பார்கள். வல்லத்தில் அலை கண்ணுக்குத் தெரியும், மூடிய அறையில் தெரியாது.

கடைசி இரவில் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். நள்ளிரவில் அவற்றை எடுத்துப்போய் மறுநாள் கரையில் தருவோம். பெரிய குழுவாக வந்த தொண்டிக்காரர் ஒருவர் ஒழுங்காக எல்லாத் துணியையும் மடித்து, சட்டை, கால்சட்டை, செருப்பு வரை பெட்டியில் அடைத்து வெளியே வைத்துவிட்டார். காலையில் நான் கதவைத் தட்டியபோது கைலியும் பனியனுமாக நின்றார். பெட்டியோ அதற்குள் நான்கு தளம் கீழே, ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவில். என் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். கால்சட்டை அவருக்குப் பொருந்தவில்லை. சிங்கப்பூர் குடியுரிமை வரிசையில் கைலியோடு நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பி எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.