ஓடைப் பூச்சி பிடிக்க அமாவாசை பாருங்கள்

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் வரத்துக்காலில் ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீர் ஓடும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிக்குஞ்சுகளை அது கண்மாய்ப் பக்கம் அடித்துக்கொண்டே போகிறது. அப்படியும் மேல்பக்கம் காலியாவதில்லை. ஏன் என்று நீங்களே பார்க்கலாம்.

1. கம்பி வளையத்தில் ஒரு மீட்டர் நீளப் பை தைக்கவும். கொசுவலை வேண்டாம், பொடிக்குஞ்சு நழுவிவிடும். மாவு சலிக்கும் நைலான் துணிதான் சரி.

2. வளையத்தின் வாய் நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். அடிப்பாகம் தரையிலிருந்து மூன்று விரல் மேலே நிற்கட்டும். இல்லையென்றால் தரையில் ஊர்வதும் ஏறிவிடும்.

3. நேரம். நான் வழுக்கியது இங்கேதான். முதலில் பகலில் வைத்தேன், வேப்பஞ்சருகுதான் கிடைத்தது. அடுத்து திருக்கார்த்திகை அன்று, பட்டப்பகல் மாதிரி நிலா. வாசல் விளக்கைக்கூடப் பார்க்காமல் ஓடைக்கரையில் உட்கார்ந்தேன், நாலைந்து புழு. குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் பிடியை விட்டு மிதக்கும், மீன் கண்ணுக்குத் தெரியாமல். நிலா வெளிச்சத்திலும் அடங்கிவிடும். அமாவாசையை ஒட்டி, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கொட்டுங்கள். சருகு அடைத்தால் தண்ணீர் வாயிலேயே எதிர்த்துத் திரும்பும். பாம்பு நடமாடும் நேரம், பூட்ஸ் கட்டாயம்.

4. வெள்ளை எனாமல் தட்டில் கொட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கியது, ஸ்வீடன் தட்டு என்று கொடுத்தார்கள். வடக்கு ஸ்வீடன் ஓடைகளில் வலை வைத்துத்தான் கார்ல் முல்லர் என்ற ஆய்வாளர் 1954-இல், மேல்பக்கம் ஏன் காலியாவதில்லை என்பதற்கு விளக்கம் எழுதினார்: குஞ்சு கீழே மிதக்கிறது, இறக்கை முளைத்த பெண் பூச்சி ஓடையின் மேல்பக்கம் நோக்கிப் பறந்து போய் முட்டையிடுகிறது. ஒன்று நூற்றுக்கணக்கில் இடும் என்பதால் சில பூச்சிகள் போனாலே போதும். அப்புறம், வற்றிப்போகும் நம்ம ஊர் வரத்துக்காலுக்குக் கண்மாயிலிருந்து பறந்து வருவதும் உண்டு.

5. அதைப் பார்க்க, பழைய எக்ஸ்ரே ஷீட்டின் இரு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி, வரத்துக்காலுக்குக் குறுக்கே கயிற்றில் தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை: மேல்பக்கம் நோக்கிப் பறப்பது எந்தப் பக்கம் ஒட்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கண்மாயைப் பார்த்த பக்கத்தில். நானும் முதல் நாள் மாற்றித்தான் எண்ணினேன்.

இன்னொன்று: ஈசலைச் சேர்க்காதீர்கள், அது கறையான். இறக்கையை நிமிர்த்தி வைத்து, பின்னால் நீளமாக இரண்டோ மூன்றோ வால் இருந்தால் நம்ம ஓடைப் பூச்சி.