லைப்ரரி போட்டாச்சு, ஆனாலும் கம்பைல் ஆகவில்லையா? எரரில் இருக்கும் பாதையைப் படியுங்கள்

ஊரில் மச்சான் கோழி முட்டை பொரிக்க வைக்க ஒரு இன்குபேட்டர் செய்து வைத்திருக்கிறார். தெர்மாகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். உள்ளே 37.5 டிகிரி நிற்கிறதா என்று பார்க்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டில் ஒரு டிஹெச்டி22 வெப்பநிலை சென்சாரும் இரண்டு வரி எல்சிடி திரையும் மாட்டித் தருகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வயரிங் அரை மணி நேரத்தில் முடிந்தது. புரோகிராம் என் பழைய லேப்டாப்பில் ஏற்கெனவே ஓடியதுதான். அதையே புது லேப்டாப்பில் திறந்து கம்பைல் (போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் வேலை) கொடுத்ததும் சிவப்பு எழுத்தாகக் கொட்ட ஆரம்பித்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

(டிஹெச்டி11 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அது 2 டிகிரி வரை முன்னே பின்னே காட்டும், டிஹெச்டி22 அரை டிகிரிக்குள் நிற்கும். முட்டை விஷயத்தில் அந்த வித்தியாசம் பெரிசு.)

ஐடிஇ (ஆர்டுயினோவுக்குப் புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) இன்ஸ்டால் செய்து, போர்டும் போர்ட்டும் தேர்ந்தெடுத்து, எல்இடி மினுக்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: மேலே போங்கள்

எரர் வந்ததும் நம் கண் போவது கடைசி வரிக்கு. அங்கே "எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1" என்று இருக்கும். கம்பைல் ஆகவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு தகவலும் இல்லை. ஸ்க்ரோல் செய்து மேலே போய், "எரர்" என்ற சொல் முதலில் வரும் வரியைப் பிடியுங்கள். எல்சிடியை அறிவிக்கும் ஒரே ஒரு வரியில் தப்பு இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் பத்து வரிகளிலும் "வாஸ் நாட் டிக்ளேர்டு இன் திஸ் ஸ்கோப்" என்று திட்டு விழும். முதலாவதைச் சரிசெய்தால் மீதி பத்தும் தானாகப் போய்விடும்.

அந்த வரியில் முதலில் இருப்பது ஃபைலின் பெயர், பிறகு வரி எண், பிறகுதான் செய்தி. நாம் எல்லோரும் செய்தியை மட்டும் படிக்கிறோம். ஃபைல் பெயரைப் பாருங்கள்: உங்கள் ஸ்கெட்ச்சின் (நீங்கள் எழுதிய புரோகிராமின்) பெயரா, அல்லது மற்றவர்கள் எழுதித் தந்த லைப்ரரிகள் இருக்கும் "லைப்ரரிஸ்" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் வேறு ஏதாவதா? தப்பை எங்கே தேடுவது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

படி 2: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

பெரும்பாலும் லைப்ரரியே இன்ஸ்டால் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு வந்தது வேறு. டிஹெச்டி லைப்ரரியைப் போட்ட பிறகும் "அடாஃப்ரூட்_சென்சார்.ஹெச்" காணோம் என்றது. என் புரோகிராமில் அப்படி ஒரு பெயரே கிடையாது! ஃபைல் பெயரைப் பார்த்தால் அது "டிஹெச்டி_யு.ஹெச்", டிஹெச்டி லைப்ரரிக்குள்ளேயே இருக்கிற ஃபைல். ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் நீங்கள் கேட்ட பகுதியோடு அதிலுள்ள மற்ற ஃபைல்களும் சேர்ந்தே கம்பைல் ஆகும், அவற்றில் ஒன்றுக்கு யூனிஃபைடு சென்சார் என்ற இன்னொரு லைப்ரரி தேவை. லைப்ரரி மேனேஜர் இதை இன்ஸ்டால் செய்யும்போதே கேட்கிறது. நான்தான் அவசரத்தில் "இன்ஸ்டால் ஆல்" கொடுக்காமல் மற்ற பட்டனை அழுத்தியிருக்கிறேன்.

ஜிப்பைக் கையால் விரித்தவர்களுக்கு: ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெடர் ஃபைல் (".ஹெச்" என்று முடிவது) லைப்ரரி ஃபோல்டரின் முதல் மட்டத்திலோ, அதற்குள் இருக்கும் "எஸ்ஆர்சி" ஃபோல்டரிலோ இருக்க வேண்டும், இன்னும் உள்ளே போனால் ஐடிஇ தேடாது. லினக்ஸ் ஆட்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் சரிபாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாமல் விட்டதை லினக்ஸ் விடாது.

படி 3: இங்கேதான் நான் மாட்டினேன்

அடுத்த எரர் எல்சிடியில். "நோ மேட்சிங் ஃபங்ஷன் ஃபார் கால் டு" என்று சொல்லி, பிகின் என்ற ஃபங்ஷனைக் காட்டியது. என் புரோகிராமில் அடைப்புக்குள் எதுவும் இல்லாமல் வெறும் பிகின்() என்று எழுதியிருந்தேன். பழைய லேப்டாப்பில் வருஷக்கணக்கில் ஓடிய வரி அது.

விஷயம் என்னவென்றால், எல்சிடிக்கான லிக்விட்கிரிஸ்டல் ஐடூசி என்ற பெயரில் இருப்பது ஒரு லைப்ரரி அல்ல, பலர் பல காலத்தில் எழுதியவை. எல்லாவற்றிலும் ஹெடர் ஃபைலின் பெயர் ஒன்றுதான், உள்ளே ஃபங்ஷன்கள் வேறு. ஒன்றில் வெறும் பிகின்() போதும். இன்னொன்றில் இனிட்() என்று எழுத வேண்டும், அதிலும் பிகின் உண்டு, ஆனால் எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று கேட்கும். வேறொன்றில் எல்சிடியை அறிவிக்கும்போதே பின் (வயர் இணையும் கால்) எண்களையெல்லாம் வரிசையாகக் கொடுக்க வேண்டும். என் புது லேப்டாப்பில் லைப்ரரி மேனேஜர் மூலம் வந்தது இரண்டாவது வகை.

பிகின்()-ஐ இனிட்() என்று மாற்றியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் புத்திசாலித்தனமாக, பழைய லைப்ரரியின் ஜிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டேன். புதியதை அழிக்க மனசு வரவில்லை, அதன் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் "ஓல்டு" என்று சேர்த்து லைப்ரரிஸ் ஃபோல்டருக்குள்ளேயே விட்டுவைத்தேன். கம்பைல் கொடுத்தால் அதே எரர். ஐடிஇயை மூடித் திறந்தேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், ஐடிஇயையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே எரர், ஒரு எழுத்து மாறவில்லை.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்துதான் எரருக்குக் கீழே "நோட்" என்று ஆரம்பிக்கும் வரியைப் படித்தேன். அதில் முழுப் பாதையும் இருந்தது. நடுவில் என் கையால் நான் சேர்த்த "ஓல்டு"!

லைப்ரரிஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லா ஃபோல்டரையும் ஐடிஇ பார்க்கும், பெயர் மாற்றினால் மறைந்துவிடாது. ஒரே ஹெடர் இரண்டு இடத்தில் கிடைத்தால் எதை எடுப்பது என்பதற்கு அதனிடம் ஒரு முன்னுரிமைக் கணக்கு இருக்கிறது, ஃபோல்டர் பெயர் ஹெடர் பெயரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதும் அதில் ஒன்று. "மல்டிபிள் லைப்ரரிஸ் வேர் ஃபவுண்ட்" என்று அவுட்புட்டில் ஒரு செய்தி வரும். அது எரர் இல்லை என்று தாண்டிப் போகாதீர்கள், அதன் கீழே "யூஸ்டு", "நாட் யூஸ்டு" என்று இரண்டு பாதைகளையும் எழுதியே காட்டுகிறது. வேண்டாததை அழித்துவிடுங்கள், மனசு வராவிட்டால் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். பேக்கப்பை அந்த ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள்.

படி 4: "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்"

பெயர் தெரிகிறது, அதற்கான புரோகிராம் பகுதி கிடைக்கவில்லை என்று அர்த்தம். லூப் என்பதை லுப் என்று எழுதியிருந்தாலும் இதுதான் வரும். முதலில் எழுத்துப் பிழை பாருங்கள்.

கருவிகளைப் பற்றி என் கட்சி: லைப்ரரி மேனேஜரில் இருப்பதை ஜிப்பாக இறக்காதீர்கள். பிரிஃபரன்சஸில் கம்பைல் நேரத்துக்கான வெர்போஸ் அவுட்புட்டை (விவரமான செய்திகளை) ஆன் செய்தே வைத்திருங்கள், நீளமாக வந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனித்தனி லைப்ரரி வைக்க பிளாட்ஃபார்ம்ஐஓ என்ற இன்னொரு கருவி அருமையானது, ஆனால் முதல் புராஜெக்ட்டுக்கு அது வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் ஈஎஸ்பி32 என்ற வேறொரு போர்டில் "எல்இடிசி செட்டப்" (எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ஃபங்ஷன்) டிக்ளேர் ஆகவில்லை என்று வருகிறதே என்று கேட்டிருந்தார். இங்கே லைப்ரரி எல்லாம் சரி, அந்த போர்டுக்காக ஐடிஇயில் போடும் போர்டு பேக்கேஜ்தான் மாறியிருக்கிறது. 3.0 பதிப்பில் எல்இடிசி செட்டப், எல்இடிசி அட்டாச் பின் இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து எல்இடிசி அட்டாச் என்று ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறார்கள். பழைய புரோகிராமைத் தொட விருப்பமில்லை என்றால் போர்ட்ஸ் மேனேஜரில் 2.0.17-க்கு இறங்கலாம். மாற்றுகிறவர்கள் எல்இடிசி ரைட் வரியையும் கையோடு பார்த்துவிடுங்கள். முன்பு அதற்கு சேனல் எண் கொடுத்தோம், இப்போது பின் எண் கொடுக்க வேண்டும். இரண்டும் வெறும் எண் என்பதால் கம்பைலர் வாயே திறக்காது, எல்இடிதான் எரியாது.