கரும்புள்ளிக்கு ஃபேஸ் பேக்கா? எலுமிச்சையை முதலில் கீழே வையுங்கள்

மதுரையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். தொழில் பழக வரும் பெண்கள் முதல் மாதம் தங்கள் முகத்திலேயே எல்லாவற்றையும் பூசிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்கள். பழகிய காலத்தில் நானும் கேட்டவளில்லை. வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் அப்படியே இருக்கின்றன. முகத்தைக் கழுவிவிட்டுப் போடு, கண்ணில் படாமல் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிறத் தோலில் எங்கே எரிச்சலோ புண்ணோ வந்தாலும், ஆறும்போது அந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகச் சுரக்கும். பரு போன பிறகும் கறுப்பு நிற்பது அதனால்தான். கறுப்பைப் போக்கப் போடும் பேக்கே எரிந்தால், அடுத்த கறுப்புக்கு நாமே வழி செய்கிறோம். "எரியுதுக்கா, வேலை செய்யுது போல" என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

என்ன கறுப்பு என்று பார்க்காமல் பூசுவது

பரு ஆறிய இடத்துக் கறுப்பு தானாகவே மெல்ல மங்கும், மாதக்கணக்கில் ஆகும். பேக் அதற்குக் கொஞ்சம் துணை செய்யலாம், அவ்வளவுதான். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் திட்டாகப் படர்ந்திருந்தால் அது மங்கு. கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, வெயில் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். வெயிலைத் தடுக்காமல் என்ன பூசினாலும் திரும்பி வரும். பருவால் விழுந்த பள்ளத்தை எந்தப் பூச்சும் நிரப்பாது. கழுத்து மடிப்பில் கறுத்துத் தடித்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்த்துச் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள். பல பேருக்கு அது அழுக்கே இல்லை.

எலுமிச்சை

எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் கடைசியில் "இதனுடன் அரை மூடி எலுமிச்சைச் சாறு" என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். கடலை மாவா, எலுமிச்சை. தேனா, எலுமிச்சை. தக்காளிக்குக்கூட எலுமிச்சை. இந்த ஒரு வரியால் கெட்ட முகங்களைப் போல வேறெதனாலும் கெட்ட முகங்களை நான் பார்த்ததில்லை.

"வைட்டமின் சி இருக்கேக்கா" என்பார்கள். இருக்கிறது. 100 மில்லி சாற்றில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம். அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் 4, 5 கிராம் இருக்கும். வைட்டமினைப் போல நூறு மடங்கு புளிப்பைத்தான் முகத்தில் ஊற்றுகிறோம். 10 சதவீதம், 15 சதவீதம் என்று சீரம் பாட்டிலில் போட்டிருக்கும் வைட்டமின் சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அமிலமாவது எரியும், உடனே கழுவிவிடலாம். எரியாமல் வருவது வேறொன்று. நம்மூர்ச் சின்ன எலுமிச்சையில் ஃபியூரானோகூமரின் வகைப் பொருட்கள் உண்டு. சாற்றைவிடப் பழத்தின் தோலில் அதிகம். முகத்தில் அது ஊறியிருக்கும்போது வெயிலின் யுவி-ஏ கதிர் பட்டால் அந்த இடம் வெந்துவிடும். அரை மூடியில் சர்க்கரையைத் தொட்டுக் கன்னத்தில் தேய்க்கிறார்களே, அப்போது சாறோடு பழத்தோலின் எண்ணெயும் இறங்குகிறது. போதாததற்குச் சர்க்கரை கீறிவிடுகிறது.

இதில் கொடுமை, அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. மறுநாள்தான் சிவக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்குக் கொப்புளமே வரும். அது அடங்கிய பிறகு பழுப்புக் கறையாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதற்குள் எலுமிச்சை பூசியதே மறந்துபோயிருக்கும். பழி வேறு எதன் மேலாவது விழும்.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஒரு கல்லூரிப் பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். வலது கன்னத்திலிருந்து தாடை வரை பழுப்பாக, வழிந்த மாதிரி கோடுகள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று யாரோ பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் பட்டதாம், அதில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். தண்ணீர் நெற்றியிலும்தானே பட்டிருக்கும், அங்கே ஏன் ஒன்றும் இல்லை? அந்தப் பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்தேன். விரலிடுக்கிலும் அதே பழுப்பு. பிழிந்த கை! துருவித் துருவிக் கேட்டதும் வந்தது: கன்னத்துக் கரும்புள்ளிக்கு என்று எலுமிச்சையும் தேனும் கலந்து பூசி, லேசாகத் துடைத்துவிட்டுக் கிளம்பி, மதியம் வரை வைகைக் கரையில் நின்றிருக்கிறாள். தோல் டாக்டரிடம் அனுப்பினேன், அவரும் அதையேதான் சொன்னார். அம்மா மட்டும் இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் திட்டுகிறார்.

எலுமிச்சையாவது தெரியாமல் நடப்பது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசி விதையை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எலுமிச்சையில் இருக்கும் அந்த வகைப் பொருளில் பேர்போனது சொராலென். அது கார்போகரிசியில் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பயன்படுத்துகிறார்கள். அலோபதியிலும் வெண்புள்ளிக்குச் சொராலென் கொடுத்து யுவி-ஏ ஒளி காட்டும் சிகிச்சை உண்டு. வெளுத்த தோலில் நிறத்தை வரவழைக்கும் சரக்கு அது. அதை அரைத்துக் கரும்புள்ளி போகவென்று முகத்தில் ஊறவைத்துவிட்டு, பத்து மணி வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? நலங்கு மாவுச் சீட்டில் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கோடு கார்போகரிசியும் சேர்ந்தே இருக்கும். தேய்த்த கையோடு கழுவிவிடும் குளியல் பொடி வேறு, அதையே முகத்தில் அப்பிக் காயவிடுவது வேறு. முகத்துக்கு அரைக்கக் கொடுக்கும்போது அந்தச் சரக்கை மட்டும் சீட்டில் அடித்துவிடுங்கள்.

"அப்போ ராத்திரி போடட்டுமா?" என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். வெயில் இல்லை என்பது சரி, புளிப்பு எங்கே போகும்? புளிப்பு வேண்டுமென்றால் தயிர் போடுங்கள். லாக்டிக் அமிலம், எலுமிச்சையைவிட எவ்வளவோ சாது. ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள், கையையும் சேர்த்து. அன்றும் மறுநாளும் வெயில் பக்கம் போகாதீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டும் வெயில்தான். யுவி-ஏ கண்ணாடி வழியாக வரும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் போங்கள். அதன் மேல் இன்னொரு பேக் வேண்டவே வேண்டாம்.

கஸ்தூரி மஞ்சள் என்று கொடுத்ததை வாங்கி வருவது

நல்ல கஸ்தூரி மஞ்சள் வெளிறின நிறமாக இருக்கும், கற்பூர வாசனை அடிக்கும், முகத்தில் மஞ்சளாக ஒட்டாது. பொடியாக விற்கும் பாக்கெட்டில் பளீரென்று மஞ்சளாக இருந்தால் அது வேறு மஞ்சள். கிழங்காகவே வாங்கி, உடைத்து முகர்ந்து பாருங்கள். காசு கூடத்தான் ஆகும்.

முல்தானி மிட்டியை வெடிக்க விடுவது

முகம் இறுகி, சிரித்தால் விரிசல் விடும் வரை உட்கார்ந்திருப்பதில் பலருக்கு ஒரு பெருமை. மண் காயக் காயத் தோலின் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓரம் காய்ந்து நடுவில் ஈரம் இருக்கும்போதே, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுத்துவிடுங்கள். வறண்ட தோல்காரர்களுக்கு இது தேவையே இல்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கும் வாரம் ஒரு முறை தாராளம்.

பழுத்த பருவின் மேல் ஸ்க்ரப்

தேய்க்காதீர்கள்.

பூண்டு, பட்டை, கிராம்பு, ஆப்பசோடா

முகத்துக்கு இல்லை.

கற்றாழையை வெட்டியதும் அப்புவது

வெட்டின இடத்தில் மஞ்சளாக ஒரு பால் கசியும். அரிப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான். மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, சோற்றை நன்றாக அலசி எடுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் வைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. நேற்று வைத்த சாம்பாரை முகர்ந்து பார்க்கிற நாம் இதை மட்டும் ஏனோ முகர்ந்து பார்ப்பதில்லை. தண்ணீர் பட்ட எந்தப் பேக்கும் அன்றைக்கே தீர வேண்டும்.

சோதிக்காமல் போடுவது

முன்கையின் உட்புறம் கொஞ்சம் பூசி, இரண்டு நாள் பாருங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்பது சோதனை இல்லை.

பேக் போட்டு, சன்ஸ்கிரீனை விடுவது

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், யுவி-ஏவையும் தடுக்கிற மாதிரி ஒன்று. வெளியே நிற்கிற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் பேக்குக்கும் செய்யாதீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்

புதிதாக எதுவும் வேண்டாம். எப்போதும் போடுகிற பயத்தமாவு போதும்.