வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு கிளவுட் டெஸ்க்டாப்: எதை எடுப்பது?

கிளவுட் டெஸ்க்டாப் என்பது வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஓடும், இணையம் வழியாக நாம் பயன்படுத்தும் கம்ப்யூட்டர். விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொருவரும் மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை பார்ப்பார் என்று எழுதுங்கள். மெஷின் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 730 மணி நேரம். தினம் 9 மணி நேரம், 22 நாள் என்றால் வெறும் 198தான்.

ஐடி ஆள் இல்லாத சின்ன ஆபீஸ் என்றால் யோசிக்காமல் விண்டோஸ் 365 பிசினஸ் எடுங்கள். 300 பேர் வரை சேர்க்கலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆளுக்கு மாதம் ஒரே தொகை. பகுதிநேர ஆட்கள் அதிகம் என்றால் அமேசான் வொர்க்ஸ்பேசஸ், ஆட்டோஸ்டாப் (பயன்படுத்தாதபோது தானாக நிற்கும்) முறையில்: சிறு மாதத்தொகை, அதற்கு மேல் மணிக்கணக்கு. பார்த்துக்கொள்ள ஐடி ஆள் இருந்தால் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அசூரில் உள்ள அசூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப். ஒரே விண்டோஸ் 11 மெஷினில் பலர் வேலை பார்க்கலாம் என்பதுதான் அதன் பெரிய பலம்.

ரீஜன் (சர்வர்கள் இருக்கும் இடம்): அசூரில் சவுத் இந்தியா என்பது சென்னை, சென்ட்ரல் இந்தியா என்பது புனே. டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா எந்த ரீஜனில் இருக்கிறதோ அங்கேயே டெஸ்க்டாப்பையும் வையுங்கள். டேட்டா தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு வவுச்சரும் இழுக்கும்.

இனி அசூரில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். விண்டோஸுக்குள் ஷட்டவுன் கொடுத்தால் மெஷினின் நிலை 'ஸ்டாப்டு' என்று மட்டும் காட்டும். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 'ஸ்டாப்டு (டீஅலோகேட்டட்)' என்று வந்தால்தான் மீட்டர் நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்குக் காசு உண்டு.

காலையில் தானாக எழ 'ஸ்டார்ட் விஎம் ஆன் கனெக்ட்' (ஆள் இணையும்போது மெஷினை இயக்கும் வசதி) போடுங்கள். ஹோஸ்ட் பூலில் (மெஷின்களின் தொகுப்பு) டிக் அடித்தால் மட்டும் போதாது. அசூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற சர்வீஸ் பிரின்சிபலுக்கு (அந்தச் சேவையின் சொந்தக் கணக்கு) 'டெஸ்க்டாப் வெர்ச்சுவலைசேஷன் பவர் ஆன் கான்ட்ரிபியூட்டர்' ரோலை, அதாவது அனுமதியைத் தர வேண்டும். அதையும் சப்ஸ்கிரிப்ஷன் (பில் வரும் முழு அசூர் சந்தா) அளவில் தர வேண்டும். அதற்குள் இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பில் மட்டும் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. பழைய டெனன்டில் (நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கு) அதே பிரின்சிபல் விண்டோஸ் வெர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற பெயரில் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆட்டோஸ்கேல் (தேவைக்கேற்ப மெஷின்களைத் தானாக இயக்கி நிறுத்துவது) போடுவதானால் ரோல் வேறு: 'பவர் ஆன் ஆஃப் கான்ட்ரிபியூட்டர்'.

எல்லோருக்கும் கொடுக்கும் முன் இரண்டு மூன்று பேரை அவரவர் வீட்டு இணைப்பிலேயே ஒரு வாரம் ஓட்டச் சொல்லுங்கள். இணைந்த பின் மேல்பட்டையில் உள்ள கனெக்ஷன் ஐகானை அழுத்தினால் ரவுண்ட் ட்ரிப் நேரம் (டேட்டா போய்த் திரும்பும் நேரம்) தெரியும். 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் டைப் அடிக்கும்போதே எழுத்து பின்தங்கும். அங்கே யூடிபிக்குப் பதில் டிசிபி (இரண்டும் டேட்டா அனுப்பும் முறைகள்) என்று காட்டினால் ரவுட்டரிலோ ஃபயர்வாலிலோ யூடிபி போர்ட் 3478 அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: டீம்ஸ் அழைப்பில் குரல் விட்டுவிட்டு வந்தால் டீம்ஸுக்குள் மீடியா ஆப்டிமைசேஷன் இயங்குகிறதா என்று சரிபாருங்கள். அது இல்லாவிட்டால் குரலும் வீடியோவும் கிளவுட் மெஷின் வழியாகச் சுற்றித்தான் வரும்.