கோப்புப் பகிர்வு நிரலில் பாதி மூடிய இணைப்புகளைக் கையாளும் முறை

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியாவுக்குத் தமிழ் வகுப்பு ஒலிப்பதிவுகளை அனுப்புவதற்காகப் பைத்தானில் ஒரு சிறிய பகிர்வு நிரல் எழுதினேன். சிறிய கோப்புகள் ஒழுங்காகச் சென்றன. பெரியவற்றில் மட்டும் கடைசிச் சில துண்டுகள் வந்து சேரவில்லை. சாக்கெட் திறப்பது, இணைப்பை ஏற்பது ஆகியவை தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படியாக, நோயைக் கண்டறிய வேண்டும். வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறப்பதற்கு முன், லினக்ஸில் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பழைய நெட்ஸ்டாட் கட்டளையைவிட அது வேகமானது. நிலைவாரியாக வடிகட்டிக் காட்டுவதிலும் எளிது. குளோஸ்-வெயிட் நிலையில் இணைப்புகள் குவிந்திருந்தால், எதிர்முனை ஃபின் (FIN, 'இனி அனுப்பமாட்டேன்' என்னும் அறிவிப்பு) அனுப்பிவிட்டது, உங்கள் நிரல் இன்னும் சாக்கெட்டை மூடவில்லை என்று பொருள். இந்த நிலைக்கு இயங்குதளம் காலக்கெடு எதையும் வைப்பதில்லை. நிரல் மூடும்வரை அவை அப்படியே கிடந்து, கோப்பு விவரிப்பான்களை (திறந்த கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் இயங்குதளம் தரும் எண்களை) தின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது படிதான் பலரையும் வழுக்கிவிடுவது. இந்த இணைப்புகளை நடத்தும் டிசிபி (TCP) நெறிமுறையின் இரண்டு திசைகளும் தனித்தனியே மூடப்படக்கூடியவை; ஒரு திசை மட்டும் மூடியிருப்பதே பாதி மூடிய இணைப்பு. 1981இல் வெளிவந்த ஆர்எஃப்சி 793 என்னும் டிசிபி வரையறை ஆவணம் முதல் இதுவே விதி. ஆகவே ரிசீவ் அழைப்பு பூஜ்யம் பைட் தந்தால், 'எதிர்முனை இனி எதையும் அனுப்பாது' என்பது மட்டுமே உறுதி. தனக்கு வேண்டிய துண்டுகளை எல்லாம் கேட்டு முடித்த ஒருவர், தன் அனுப்பும் திசையை மூடிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கலாம். அந்தப் பூஜ்யத்தைக் கண்டதும் நீங்கள் குளோஸ் அழைத்தால், வரிசையில் இருந்த துண்டுகள் அனுப்பப்படாமலே போய்விடும். சிக்கல் என்னவென்றால், எதிர்முனை ஷட்டவுன் மூலம் ஒரு திசையை மட்டும் மூடினாலும், குளோஸ் மூலம் முழுவதையும் மூடினாலும், கம்பியில் வருவது அதே ஃபின்தான். இரண்டையும் வேறுபடுத்த வேண்டுமானால் நீங்கள் ஏதாவது அனுப்பிப் பார்க்க வேண்டும்; முழுவதும் மூடியிருந்தால் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் செய்தி) திரும்பி வரும், அதற்கடுத்த அனுப்புதல் பிழை தரும்.

பூஜ்யம் வந்த பிறகு, அந்தச் சாக்கெட்டை வாசிப்புக் கண்காணிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால், சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் செலக்ட் அல்லது ஈபோல் அழைப்பு 'வாசிக்கத் தயார்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, நிரல் வெறுமனே சுழன்று ஒரு செயலி உள்ளகத்தை முழுவதும் விழுங்கிவிடும்.

மூன்றாவது படி, மூடும் வரிசை. அனுப்ப வேண்டியதை அனுப்பி முடித்து, எழுதும் திசையை ஷட்டவுன் செய்து, பூஜ்யம் வரும்வரை வாசித்து, அதன் பிறகே குளோஸ் அழைக்க வேண்டும். வாசிக்கப்படாத தரவு உள்ளே கிடக்கும்போது குளோஸ் அழைத்தால் லினக்ஸ் ஃபினுக்குப் பதிலாக ரீசெட் அனுப்பும். நீங்கள் கடைசியாக அனுப்பிய தரவு எதிர்முனையின் நிரலுக்கு எட்டாமலே போக அது காரணமாகலாம்.

நான்காவதாக, காலக்கெடு பார்க்கும் கடிகாரம் ஒன்று அவசியம். லோட் ஷெடிங்கில் (முறைவைத்த மின்வெட்டில்) எதிர்முனையின் ரவுட்டர் அணைந்துவிட்டால் ஃபின் எதுவும் வராது. அது பாதி மூடிய இணைப்பு அன்று, ஒரு முனை மட்டும் உயிரோடிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் இணைப்பு. எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்-அலைவை நீங்களே இயக்கினாலும், அதன் முதல் சோதனைக்கு இயல்பாக 7200 விநாடிகள் ஆகும். அதற்குள் இரண்டு மணி நேர மின்வெட்டே முடிந்திருக்கும். ஆகையால் நான் அதை நம்புவதில்லை. பிட்டொரண்ட் என்னும் கோப்புப் பகிர்வு நிரல்களைப் போல ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கொரு முறை சிறு செய்தி அனுப்பி, பதில் வராத இணைப்பைத் துண்டிப்பதே என் தேர்வு.

பின்சேர்க்கை: லெனேசியா வாசகர் ஒருவர் டிஎல்எஸ் (TLS) குறியாக்கம் சேர்த்ததும் இது வேலை செய்யவில்லை என்றார். பைத்தானின் அசிங்க்ஐஓ (asyncio) நூலகம், டிஎல்எஸ் இணைப்புகளில் எழுதும் திசையை மட்டும் மூட இடமளிப்பதில்லை. அங்கே ஃபினை நம்பாமல், 'கேட்டு முடித்தேன்' என்பதற்கு உங்கள் நெறிமுறையிலேயே தனிச் செய்தி வகை ஒன்றை வைத்து, இரு முனையும் அதைப் பெற்ற பிறகே மூடுங்கள்.